ரசப்பொடியில் இருந்த கோதுமை

என் செல்லமே,

நாளைக் காலையில் உன் வகுப்பு கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போகிறது. நான் பக்கத்தில் இல்லாமல் நீ வெளியே உட்கார்ந்து சாப்பிடப்போகும் முதல் நாள் அது. உன் டப்பாவைக் கழுவித் துடைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: ‘இவனுக்குக் கோதுமை ஆகாது. பிஸ்கட், பிரெட், கேக், ரவை, சேமியா எதுவும் தர வேண்டாம். கொஞ்சம்கூட.’ சாயங்காலம் நீ அதை எழுத்துக் கூட்டிப் படித்தாய். ‘கோதுமை’ வரைக்கும் வந்துவிட்டு, “இது என் பேரா அம்மா?” என்று கேட்டாய். சிரித்தேன். பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இப்போது நீ தூங்குகிறாய். உன்னிடம் இன்றைக்குச் சொல்ல முடியாததை, மீசை வைத்து, வேறு ஊரில் அறை எடுத்து, யாரோ சமைத்த சாப்பாட்டின் முன்னால் உட்காரப்போகும் அந்தப் பெரிய பையனிடம் சொல்லி வைக்கிறேன்.

உனக்குக் கீழ்ப்பல் எட்டிப் பார்த்த நாட்களில் நாம் அடையாறில் குடியிருந்தோம். பூங்கா பெஞ்சில் வைத்து ஒரு பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து உனக்கு ஊட்டினேன். இரண்டாவது வாய்க்குள் உன் உதடு தடித்து, கண் இடுங்கி, முகமே யாருடையதோபோல ஆகிவிட்டது. ஊசி போட்ட டாக்டர் அம்மா, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு, “கோதுமைதான். அடியோட நிறுத்திடுங்க” என்றார். எனக்கு அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, கண்ணா. கோதுமைதானே? நாம் என்ன சப்பாத்தி வீடா? சோறு, இட்லி, தோசை. விட்டுவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்தவள் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். சமையலறையைப் பற்றி ஒன்றும் தெரியாதவள்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். பாடப் புத்தகத்தைக்கூட அப்படிப் படித்ததில்லை. கடையில் எதை எடுத்தாலும் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பேன். சேர்மானப் பட்டியலில், எடையில் எது அதிகமோ அது முதலில் வரும் என்று தெரிந்துகொண்டேன். மைதா, ரவை, சேமியா எல்லாம் ஒரே தானியத்தின் வேறு வேறு முகங்கள் என்று தெரிந்துகொண்டேன். பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை மாதிரிச் சிலருக்கு ஆகாத பொருள் உள்ளே இருந்தால், பொட்டலம் கட்டி விற்கிறவர்கள் அதைத் தனியாக ஒரு வரியில் சொல்லியாக வேண்டும் என்று விதி இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. தி. நகரில் ஒரு மளிகைக் கடையில் நான் முறுக்குப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தபோது கடைக்காரர், “இன்னாக்கா, பரிட்சைக்குப் படிச்சிக்கினு கீறியா? பின்னாடி ஆளு நிக்கிது பாரு” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சில பொட்டலங்களில் ‘கோதுமை கையாளப்படும் இடத்தில் தயாரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அதை வாசிக்கும்போது, எங்கோ ஒரு ஊரில் என்னை அறியாத யாரோ ஒருவர், என் பிள்ளையை ஒரு நிமிடம் நினைத்துவிட்டு மேலே வேலையைப் பார்த்தார் என்று தோன்றும். வாங்கமாட்டேன். ஆனாலும் அந்தப் பொட்டலத்தை மற்றதைவிட மெதுவாகத் திருப்பி வைப்பேன்.

நம் மனிதர்களிடம் அந்த ஒரு வரி கிடைக்கவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் உன் மாமா, என் அண்ணன், தன் மகளின் பிறந்தநாளுக்கு நம்மைக் கூப்பிட்டிருந்தார். உனக்கு மட்டும் வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோயிருந்தேன். கேக் வெட்டியதும் எல்லாப் பிள்ளைகளும் தட்டோடு நின்றார்கள். நீ டப்பாவோடு நின்றாய். “இன்னாம்மா இது, புள்ளய அகதி மாதிரி நிக்க வெச்சிக்கினு கீற? கொஞ்சூண்டு கிரீம நாக்குல வெச்சா இன்னா ஆயிடப்போவுது?” என்றார் அண்ணன். “ஆஸ்பத்திரிக்குப் போவணும்ணா” என்றேன். அண்ணி, “நாங்கல்லாம் மண்ணத் தின்னு வளந்தோம்” என்றாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. உன்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து உன்னைச் சுற்றியிருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து வாரக்கடைசியில் மட்டும் வருகிற உன் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவரும், “நீ ரொம்ப பயப்படறியோ? கொஞ்சம் பழக்கினா சரியாயிடும்னு ஆபீஸ்ல சொல்றாங்க” என்றார். உலகத்தில் எனக்கு மிகவும் பயமான சொல் அந்தக் ‘கொஞ்சம்’. அதன் பிறகு விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்தேன். கூப்பிடுவதும் தானாகக் குறைந்தது.

அப்போதுதான் மயிலாப்பூருக்கு, இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். கீழ் வீட்டில் லலிதா மாமி. கணவர் போன பிறகு சாம்பார்ப் பொடியும் ரசப்பொடியும் அரைத்து, பொட்டலம் போட்டு, கோயில் குளத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் தி. நகர்க் கடைகளுக்கும் கொடுத்துப் பிழைப்பவர். மாமியின் வீட்டில் வறுக்கும் வாசனை நம் படுக்கையறை வரை வரும். நாம் வந்த புதிதில், பொட்டலத்துக்கு லேபிள் சரியில்லை, பதிவு எண், தயாரித்த தேதி, சேர்மானம் எல்லாம் இருந்தால்தான் வைப்போம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மாமி படியேறி வந்து, “நீ கம்ப்யூட்டர்லாம் தட்டறியேடீ, எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடேன்” என்றார். அன்றிலிருந்து மாமியின் எல்லா லேபிள்களையும் நான்தான் அடித்தேன். கூலி, சாயங்காலக் காபியும் பேச்சும். நீ அங்கேயே கிடப்பாய். வறுத்த பருப்பை எண்ணி எண்ணித் தின்பாய். மாமியின் பேச்சு உனக்கு ஒட்டிக்கொண்டது. “நான் மாமி ஆத்துல இருக்கேன்” என்று நீ போனில் சொன்னதைக் கேட்ட உன் மாமா, “இன்னாம்மா, புள்ள ஆத்துல கீதாம், யாராவது குதிச்சிக் காப்பாத்துங்க” என்று கத்தினார். அந்த வருடம் முழுக்க நான் சிரித்ததெல்லாம் அந்த வீட்டுக் கூடத்தில்தான்.

அப்பா வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஜுரம். வாய்க் கசப்பு என்று எதையும் தொடவில்லை. மாமியின் ரசப்பொடியைத் தாராளமாகப் போட்டு ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது. இதற்கு முன்பும் ரசம் சாப்பிட்டால் வாயோரம் லேசாகத் தடித்திருக்கிறது. புளிப்பு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு உன் மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. கையில் கிடைத்த துணியோடு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோக்காரர் சிக்னலில் நிற்கவில்லை. ஊசி போட்டு, மருந்துப் புகையை மூச்சில் இழுக்க வைத்து, உன் மூச்சு அடங்கிய பிறகு டாக்டர் கேட்டார்: “கோதுமை என்ன சாப்பிட்டான்?” “ஒண்ணுமே இல்ல டாக்டர். ரசம் சாதம்.” “ரசத்துல என்ன?” நான் லேபிளை மனப்பாடமாகச் சொன்னேன். அடித்தவளே நான்தானே? தனியா, துவரம்பருப்பு, மிளகு, சீரகம், மிளகாய், பெருங்காயம். அவர் கடைசிச் சொல்லில் நிறுத்தினார். “எந்தப் பெருங்காயம்? டப்பாவைப் பாத்தீங்களா? ஜுரத்துல இருக்கற உடம்பு, எப்பவும் தாங்கற அளவைக்கூடத் தாங்காது.”

பார்த்தேன். மறுநாள் மாமியின் சமையலறையில், அடுக்கிலிருந்து அந்தப் பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பினேன். உண்ணக்கூடிய பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். அதற்குக் கீழே தனி வரியில்: கோதுமை உள்ளது. டப்பா செய்தவன் ஒளிக்கவில்லை. பெருங்காயம் அத்தனை காரமான பொருள். அதை அப்படியே பயன்படுத்துவது கடினம், பெரும்பாலும் மாவும் பிசினும் கலந்துதான் பொடியாக்குவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவன் தன் டப்பாவில் சொன்னது, மாமியின் பொட்டலத்துக்கு வரும்போது ‘பெருங்காயம்’ என்று ஒரே சொல்லாகச் சுருங்கியிருந்தது. ஒரு பொருளுக்குள் இருக்கும் பொருளையும், ஆகாததாக இருந்தால், வெளியே சொல்ல வேண்டும். அதுதான் விதி. அரிசி தின்கிற ஊர் இது. ரசத்தில் கோதுமையைத் தேடுகிறவர் யார்? எனக்கே தோன்றவில்லை. ஆனால் தெரிந்த பிறகு சும்மா இருப்பது வேறு.

மாமி உனக்காகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். நெற்றியில் பூசிவிட விபூதி வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் டப்பாவை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தரம் படித்தார். “அடப் பாவமே, கொழந்தை” என்று மட்டும் சொன்னார். நான் அங்கேயே நிறுத்தியிருந்தால் எங்கள் சிநேகிதம் நிலைத்திருக்கும். “மாமி, லேபிளை மாத்தி அடிச்சுத் தரேன். பெருங்காயத்துக்குப் பக்கத்துல கோதுமை மாவுன்னு போடணும். கீழ தடிச்ச எழுத்துல, கோதுமை உள்ளதுன்னு” என்றேன்.

“எதுலடீ?”

“ரசப்பொடில. சாம்பார்ப் பொடிலயும்.”

“உனக்கென்ன பைத்தியமா? ரசப்பொடில கோதுமை மாவுன்னு போட்டா எவ வாங்குவா? மாவைக் கலந்து எடையை ஏத்தி விக்கறாம்பா. கலப்படக்காரின்னு பேர் வரும்டீ எனக்கு.”

“இருக்கறதைத்தானே சொல்றோம் மாமி.”

“ஊர்ல ஒருத்தரும் சொல்லலையே! நான் மட்டும் தலையில கொட்டிக்கணுமா? கொழந்தைக்கு நான் தனியா அரைச்சுத் தரேன், பெருங்காயமே போடாம. போதுமா?”

போதும் என்று சொல்ல என் வாய் ஆசைப்பட்டது. அந்தக் கூடம், அந்தக் காபி, நீ பருப்பு தின்னும் மூலை எல்லாம் ஒரு ‘போதும்’ என்ற சொல்லில் எனக்கே திரும்பக் கிடைத்திருக்கும். “இவன் மாடி வீட்டுக் கொழந்தை, அதனால உங்களுக்குத் தெரியுது. தி. நகர்ல வாங்கறவ வீட்டுல இவனை மாதிரி ஒண்ணு இருந்தா?” என்று கேட்டேன். மாமி கண்ணாடியைக் கழற்றினார். “ஊருக்கெல்லாம் நான்தான் விஷம் வெக்கறேன்னு சொல்றியோ?” நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் என்னால் இல்லை என்றும் சட்டென்று சொல்ல முடியவில்லை. பழைய லேபிளை இனி அடிக்க மாட்டேன் என்றேன். “வேண்டாம். கடைத்தெருவுல ஆளா இல்லை?” என்றார். விபூதிப் பொட்டலம் மேசையிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி உனக்கு எழுத அதிகம் இல்லை. படியில் எதிர்ப்பட்டால் மாமி சுவரைப் பார்ப்பார், நான் சாவியைத் தேடுவேன். வறுக்கும் வாசனை மட்டும் வழக்கம்போல மேலே வந்தது. ஜன்னலைச் சாத்துவேன், பிறகு திறப்பேன். “மாமி ஆத்துக்கு எப்போ போலாம்?” என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். அண்ணனிடம் சொன்னால் “உனுக்கு யாராண்டதான் ஒத்துப்போவும்?” என்பார் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. அப்பா வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்ள எத்தனையோ இருந்தன. இதை மட்டும் வாய்வரை கொண்டுவந்து விழுங்கினேன். புகார் எழுதிப் போடலாமா என்றும் யோசித்திருக்கிறேன். அந்தப் பொடிதான் மாமியின் சோறு என்பது நினைவுக்கு வரும். கடையில் யாராவது அந்தப் பொட்டலத்தைக் கூடையில் போடுவதைப் பார்த்தால், அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். ஒருமுறை கேட்டும்விட்டேன். அந்தப் பெண் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்துபோனாள்.

இன்றைக்கு மத்தியானம், உன் பயணத்துக்கு வாழைப்பழம் வாங்கப் போனேன். குளத்தங்கரைக் கடையில் மாமியின் ரசப்பொடி புது லேபிளோடு இருந்தது. கை தானாகத் திருப்பியது. தனியா, துவரம்பருப்பு, மிளகு, சீரகம், மிளகாய். அவ்வளவுதான். முன்பக்கம் பெரிதாக: ‘பெருங்காயம் சேர்க்காதது.’ இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துத் திருப்பினேன். கடைக்காரர், “எடுக்காதீங்கம்மா, அது போணியே ஆவல” என்றார். “பெருங்காயம் இல்லாத ரசம் வெக்கிறது அவங்க வீடுகள்ல தெவசத்துக்குத்தானாம். வர்றவங்கல்லாம், என்னய்யா மாமி தினம் தெவசம் பண்ணச் சொல்றாங்களான்னு கேட்டுட்டு வெச்சிட்டுப் போறாங்க. நானும் சொல்லிப் பாத்தேன். பழையபடி போடுங்கன்னா கேக்கமாட்டேங்குறாங்க.”

கோதுமை என்று எழுத மாமியால் முடியவில்லை. எழுதாமல் விற்கவும் முடியவில்லை. இறந்தவர்களுக்குப் படைக்கும் நாளின் சமையல் என்று ஊர் சிரிக்கிற பொடியை அரைத்து, அந்த நஷ்டத்தோடு பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேபிளைத்தான் நான் படிப்பேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு பொட்டலம் வாங்கினேன். நாளைக்கு உனக்கு ரசம் சாதம் கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே தெரு முனை வரை வந்தேன், கண்ணா. சந்தோஷமாகத்தான் வந்தேன். அங்கே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவர் கோதுமை டின்னோடு வரிசையில் நின்றார். மாமி வீட்டில் வறுப்பார். அரைப்பது?

நீ பெரியவனாகும்போது இந்த இடம் உனக்கும் வரும். ஒருவர் உனக்காகத் தன்னால் முடிந்ததை, அதற்கு மேலும் செய்திருப்பார். நீ அவரிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். கேட்காமல் சாப்பிட்டுவிடலாம் என்று மனசு கெஞ்சும். நம் மாடிப்படியில், மாமியின் கதவுக்கு முன்னால், நான் பொட்டலத்தோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நீ விளையாடிவிட்டு வந்து, “ஏம்மா இங்க நிக்கற?” என்று கேட்டுவிட்டு மேலே ஓடினாய். அப்புறம்தான் மணியை அடித்தேன்.

மாமி கதவைத் திறந்தார். என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். “என்ன, படிச்சாச்சா?”

“படிச்சேன் மாமி.”

“தப்பு ஏதாவது இருக்கா?”

“இல்ல.” பொட்டலத்தை மறு கைக்கு மாற்றினேன். “எங்க அரைச்சீங்க மாமி?”

மாமி கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நியாயம்தான். “முனை மில்லுலதான்டீ. வேற எங்க அரைப்பேன்? எனக்கு முன்னாடி அவன் கோதுமை அரைச்சானோ, கம்பு அரைச்சானோ, நான் என்னத்தைக் கண்டேன்” என்றார். பிறகு கையை நீட்டினார். என்னிடமிருந்து பொட்டலத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அப்போ கொழந்தைக்குக் குடுக்காதே” என்றார்.

கொஞ்சம் கொடுத்துப் பார் என்று சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. நீ பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை எனக்குச் சொன்ன ஒரே ஆள், வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர்களைத் தவிர, லலிதா மாமிதான். நான் வாசலிலேயே நின்று அழுதேன். மாமி சமாதானம் சொல்லவில்லை, உள்ளேயும் கூப்பிடவில்லை. “அந்த மில்லு விஷயத்தையும் எழுதணுமோ?” என்று கேட்டார். எழுதணும் மாமி என்றேன். “ம்ம்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். இது சமாதானமா, சண்டையின் மிச்சமா என்று எனக்குத் தெரியவில்லை. வறுத்த வாசனை மட்டும் என் புடவையில் மேலே வந்தது.

ஆக, நாளைக்கு உனக்குத் தயிர் சாதம்தான். மற்றப் பிள்ளைகள் பூரி தின்னும்போது அதையே தின்ன வேண்டும், மன்னித்துக்கொள். யாராவது “கொஞ்சம் எடுத்துக்கோடா” என்று நீட்டுவார்கள். அவர்கள் உன்னிடம் பிரியமாக இருப்பவர்கள், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் எங்காவது, எந்த ஊரிலாவது, தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு “அப்போ வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், அவர் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள். அவர் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போ.

வேன் கிளம்பிய பிறகு நான் பத்துப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். புது லேபிளை இப்போதே அடித்து வைத்துவிட்டேன்.

அம்மா